மணல்வெளியில் இரு சக்கரங்கள்

நுழையும்முன்

முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரியும்போது பாலை தோன்றும் என்கிறது சிலப்பதிகாரம். பொருள் தேடிப் பாலை கடந்த தலைவர்களைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. உலகைக் காணும் வேட்கையொன்றே உந்த, மிதிவண்டியில் பாலை கடந்த இந்திய இளைஞர்களின் பயணத்தை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பம்பாயிலிருந்து புறப்பாடு

1923ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள், பம்பாய்ப் பளுதூக்கும் கழகத்தைச் சேர்ந்த ஆறு பார்சி இளைஞர்கள் மிதிவண்டிகளில் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டனர். அதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பூம்காரா, குஸ்தாத் ஹாதிராம், கேகி போச்கானாவாலா, நரிமான் கபாடியா என்போர் அவர்கள். நாடு அந்நியர் ஆட்சியில் இருந்த காலம் அது. கைப்பேசி இல்லை, செயற்கைக்கோள் வழிகாட்டியும் இல்லை. பஞ்சாபையும் பலுசிஸ்தானையும் கடந்து பாரசீகத்துள் நுழைந்தபோது, அவர்கள் எதிரே பாலை விரிந்து கிடந்தது.

பாலையின் கணக்கு

பாக்தாத்திலிருந்து அலெப்போ வரையிலான 956 கிலோமீட்டர் பாலைவழியை அவர்கள் 23 நாள்களில் கடந்தனர். வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 42 கிலோமீட்டர். அவிநாசிபாளையத்திலிருந்து திருப்பூருக்கு மிதிவண்டியில் சென்று திரும்பும் பனியன் தொழிலாளி ஒருவர் கடக்கும் தொலைவைவிட அது சற்றே மிகுதி. இவ்வளவுதானா என்று தோன்றலாம். ஆனால், தார்ச்சாலையின் கிலோமீட்டரும் மணலின் கிலோமீட்டரும் ஒன்றல்ல.

காற்று நிறைந்து இறுகிய சக்கரம் சாலையில் விரைந்து உருளும். நெகிழ்ந்த மணலிலோ கத்திபோல் புதையும். காற்றைச் சிறிது குறைத்தால் சக்கரம் அகன்று பதிந்து, புதைவது குறையும். அதுவும் பயன்படாத இடத்தில் இறங்கித் தள்ளுவதைத் தவிர வேறு வழியில்லை. ஊர்தியைச் சுமையாகத் தாங்க வேண்டிய பயணம் அது.

வெப்பத்தின் வஞ்சகம் அதனினும் பெரிது. வியர்வை ஆவியாவதால்தான் உடல் குளிர்கிறது. வறண்ட காற்றில் வியர்வை உடனே உலர்வதால், இழந்த நீரின் அளவைப் பயணி உணர்வதில்லை. தாகம் உணர்த்தும் முன்பே உடல் தளரத் தொடங்கும். நீரோடு உப்பும் வெளியேறுவதால் தசைகள் பிடித்து இழுக்கும். ஆகவே, விடியலிலும் மாலையிலும் பயணம், நண்பகலில் நிழல் என்பதே பாலையின் ஒழுங்கு. ஆனால் நீரின்றி எந்த ஒழுங்கும் உயிரைக் காக்காது.

நீர் தரும் அறம்

வழியறியாப் பயணி தன் வலிமையை மட்டும் நம்பிப் பாலை கடக்க இயலாது. கிணறு எங்கே உள்ளது, எப்பருவத்தில் அது வற்றும் என்பவற்றை அந்நிலத்து மக்களே அறிவர். வந்தவர் எவராயினும் முதலில் நீரும் உணவும் அளிப்பது அரபுப் பாலைவாழ் மக்களின் வழிவழி மரபு. இன்று நீர் கொடுப்பவரே நாளை நீர் தேடி அலைய நேரலாம் என்னும் உண்மையில் வேரூன்றிய அறம் இது. கோடையில் சாலையோரம் தண்ணீர்ப் பந்தல் அமைக்கும் கொங்கு மக்களுக்கு இவ்வறம் புதிதன்று.

மீண்டவரும் பிரிந்தவரும்

அறுவரும் பயணத்தை நிறைவு செய்யவில்லை. ஒருவர் பாரசீகத்திலிருந்து ஊர் திரும்பினார். அமெரிக்காவை அடைந்தபின் ஒருவர் அங்கேயே தங்கிவிட, மற்றொருவர் மனந்தளர்ந்து தாயகம் மீண்டார். இதனைக் கோழைமை என்று கூற முடியுமா? பம்பாயின் எல்லையைத் தாண்டாதவர் அவ்வாறு கூறுதல் எளிது. பாலையில் ஒரு நாள் மிதித்தவர் கூறார்.

ஹக்கீம், பாபசோலா, பூம்காரா ஆகிய மூவரும் ஏறத்தாழ 71,000 கிலோமீட்டர் பயணித்து, 1928ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் பம்பாய் திரும்பினர். 1931இல் வெளிவந்த அவர்களது பயணநூலுக்கு ஜவகர்லால் நேரு முன்னுரை வழங்கினார். 1924இல் பம்பாயிலிருந்து புறப்பட்ட பிராம்ரோஸ் தாவர் சகாராவையே மிதிவண்டியில் கடந்து பெருமை பெற்றார்.

தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்பு மாணவர்க்கு அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டியும் இதே அமைப்பினதுதான்: இரு சக்கரங்கள், ஒரு சங்கிலி, மிதிக்கும் கால்கள். அது எவ்வளவு தொலைவு செல்லும் என்பதை இரும்பு மட்டும் முடிவு செய்வதில்லை. மிதிப்பவரின் உறுதியும், வழியில் நீர் தரும் கைகளும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.