கவசத்தின் சுமை

அரண் என்பது ஒரு காலத்தில் கனத்தையே நம்பியிருந்தது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடைப்பட்ட கடலில், போர்த்துக்கேயர் கட்டி 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கடற்கோட்டையின் தடித்த கல்மதில்கள் இதற்குச் சான்று. ஆயின் மதில் நகரவேண்டியதில்லை. போர் வாகனமோ தன் மதிலைத் தானே சுமந்து செல்லவேண்டும்.

இச்சிக்கலுக்கு ஒரு விடையாக எழுந்ததே எதிர்வினைக் கவசம். இரு உருக்குத் தகடுகளுக்கிடையே வெடிமருந்து வைக்கப்படும். எறிகணையிலிருந்து பாயும் உலோகத் தாரை அதனைத் துளைத்ததும் மருந்து வெடித்து, தகடுகளை வீசி, அத்தாரையைச் சிதைக்கும். 1982ஆம் ஆண்டு லெபனான் போரில் இஸ்ரேலியத் தாங்கிகள் இதனை அணிந்து சென்றன.

தாங்கிக்குப் பொருந்தும் இவ்வணி இலகு வாகனத்துக்கு எளிதிற் பொருந்துவதில்லை. வெடியின் விசை வெளியே மட்டுமன்றி உள்நோக்கியும் தாக்கும். தடித்த உருக்கு அதனைப் பொறுக்கும். மெல்லிய தகடோ நெளியும், பிளக்கும். உடலை வலுப்படுத்தின் எடை மிகும்; எடை மிகின் எஞ்சினும் அச்சும் தளரும், மணற்பாதையிற் சில்லுகள் புதையும். அமெரிக்கப் பிராட்லி வாகனத்தின் 1988ஆம் ஆண்டு வகையும் மேலதிக உருக்குத் தகடுகளால் வலுப்பெற்ற பின்னரே இக்கவசத்தை ஏற்கவல்லதாயிற்று. அன்றியும், வாகனத்தின் அருகே நடப்போர் அக்கவசத்தின் சிதறலுக்கே இரையாதல் கூடும்.

தீவகத்தின் அனுபவம் மற்றுமோர் உண்மையைப் புலப்படுத்துகின்றது. 1992 ஆகஸ்ட் 8ஆம் நாள், ஊர்காவற்றுறைத் தீவின் அராலி முனையில் லாண்ட் ரோவர் வாகனமொன்று கண்ணிவெடியிற் சிக்கியது. தளபதிகளான டென்சில் கொப்பேகடுவ, விஜய விமலரத்ன, கடற்படையின் மொகான் ஜயமகா ஆகியோரும் உடன்சென்றோரும் மாண்டனர். பக்கங்களிற் பொருத்தப்படும் எதிர்வினைக் கவசம், அடியிலிருந்து எழும் இத்தகைய வெடியைத் தடுக்கவல்லதன்று. இங்கு உதவுவது தடிப்பைவிட வடிவமே. தென்னாபிரிக்கப் பவள் வாகனமும், அதனைப் பின்பற்றி இலங்கையில் ஆக்கப்பட்ட யுனிகோர்ன், யுனிபவள் ஆகியனவும், ஆப்பு வடிவ அடிப்பாகத்தால் வெடிவிசையை இருமருங்கும் விலக்க முயன்றவை.

ஒவ்வொரு கவசமும் ஒரு வெடிக்கு விடை கூறி, மற்றொன்றுக்கு இடம் விடுகின்றது. அதன் தகுதியை உள்ளிருப்போரைக் கொண்டு மட்டும் அளத்தல் போதாது. அருகே செல்வோரையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும். அதே வீதிகளிற் கால்நடையாகவும் துவிச்சக்கரவண்டியிலும் சென்ற தீவக மக்களுக்கோ எக்கவசமும் இருந்ததில்லை.