கண்ணில்லாத சிகுரினாவுக்குப் பெயர் சொல்வது

கைப்பேசியில் ஒரு படம் வரும். வெளிறிய, கண்ணில்லாத சிலந்தி. "சார், இது வெனீயா, மட்லாவா?" என்று கேள்வி. சிகுரினா என்ற பேரினப் பெயருக்கு மேல் படத்தை வைத்து ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். பணி ஓய்வுக்குப் பிறகும் என் பதில் இதுதான்.

2012-இல் டெக்சாஸின் சான் அன்டோனியோவில், ஒன்றரைக் கோடி டாலர் சாலைப் பணி சிகுரினா வெனீயால் நின்றது. 1980-இல் பிரேக்கன் பேட் குகையில் கிடைத்த ஒரே பெண் சிலந்தியை வைத்து, 1992-இல் வில்லிஸ் கெர்ட்ச் பெயரிட்ட இனம். அந்தக் குகை வாயில் பிறகு மூடப்பட்டுவிட்டது. 2000-இல் வெனீ அழியும் இனப் பட்டியலில் சேர்ந்தது. சாலைப் பணியிடத்துக் குழியில் கிடைத்த சிலந்தியை அறுத்துப் பார்த்துத்தான் உறுதி செய்தார்கள். "காப்பாற்ற வேண்டியதைக் கொன்றா பார்ப்பது?" என்று கேலி பேசியவர்களுக்கு இனம் பிரிக்கும் எங்கள் வேலை என்னவென்றே தெரியாது.

வெளியிலிருந்து பார்த்தால் கண்ணில்லாத சிகுரினா எல்லாம் ஒன்றுதான். வளர்ந்த பெண்ணின் இனப்பெருக்கத் தகடான எபிகைனை ஊசி முனையால் பிரித்துக் கிராம்பு எண்ணெயில் இட வேண்டும். பல்வலிக்கு வைக்கிறோமே, அதேதான். சற்று நேரத்தில் தசை தெளிந்து, விந்தைச் சேமிக்கும் ஸ்பெர்மதீகாவின் குழாய் எப்படிச் சுற்றி வளைகிறது என்பது தெரியும். மேசையில் முழங்கை பட்டால் போதும், துணுக்கு புரண்டுவிடும். மறுபடி முதலிலிருந்து நிமிர்த்த வேண்டும். முதுகுப்புறம், வயிற்றுப்புறம் இரண்டையும் கையால் வரைந்தால்தான் கண் பழகும்.

குகையில் கிடைப்பவையோ பெரும்பாலும் குஞ்சுகள். அவற்றில் பார்ப்பதற்கே ஒன்றுமில்லை. ஈரச் சாந்து இட்ட குப்பியில், இருட்டில், பொறுமையாக வளர்க்க வேண்டும். ஈரம் காய்ந்தால் போச்சு. இப்போதைய பிள்ளைகளுக்கு அந்தப் பொறுமை கிடையாது. காலைக் கிள்ளி டிஎன்ஏ-வுக்கு அனுப்பிவிடுகிறார்கள். குஞ்சுகளுக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் ஒப்பிடுவதற்கு வைத்திருக்கும் டிஎன்ஏ வரிசைகளின் மேல் ஒட்டியிருக்கும் பெயர்கள் எங்கிருந்து வந்தன? எங்கள் ஊசி முனையிலிருந்துதான்.

பிறகு சான் அன்டோனியோவில் திட்டமிட்டிருந்த சுரங்கச் சாலையை மேம்பாலமாக மாற்றினார்கள். குழாயின் வளைவைப் படிக்கத் தெரிந்த ஒருவர் இருந்ததால் அது நடந்தது. என் மேசைக்கு இன்னும் ஆள் போடவில்லை.