சுண்ணாம்பு கேட்கும் யட்சியும் பகடையில் சாகும் காட்டேரியும்

ரோல்பிளே ஆட்டங்களில் வரும் இரத்தக் காட்டேரி நாட்டார் கதைகளிலிருந்து நேராக வரவில்லை. இடையில் ஒரு நாவலும் சில சினிமாக்களும் இருக்கின்றன. 1725இல் செர்பியாவின் கிசிலோவா கிராமத்தைப் பற்றி ஆஸ்திரிய அதிகாரி எழுதிய அறிக்கையில் இருப்பது ஒரு குடியானவனின் பிணம். செத்தவன் இரவில் வந்து கழுத்தை நெரிக்கிறான் என்று ஊரார் முறையிட்டார்கள். குழியைத் தோண்டினால் உடல் அழுகாமல், வாயில் இரத்தத்தோடு கிடந்தது. கண்ணாடியில் உருவம் தெரியாத பிரபுவைப் பிரபலமாக்கியது 1897இல் வந்த பிராம் ஸ்டோக்கரின் நாவல். அந்த டிராகுலாகூடப் பகலில் நடமாடுவான். வெயில் பட்டதும் அழிவது 1922இல் 'நோஸ்ஃபெராட்டு' படம் கொண்டுவந்தது.

1974இல் வெளியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவற்றையெல்லாம் சேர்த்து எடுத்துக்கொண்டு கணக்காக மாற்றியது. அதில் காட்டேரி தொட்டால் ஆட்டக்காரர் இரண்டு படிநிலை இழப்பார். மாதக்கணக்கில் ஆடிச் சேர்த்தது ஓர் அடியில் போய்விடும் என்பதால், பயம் கதாபாத்திரத்தைத் தாண்டி ஆடுகிறவரையே பிடித்தது. 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் காட்டேரிக்கு 144 உயிர்ப்புள்ளிகள்; வெயிலில் நின்றால் ஒவ்வொரு சுற்றிலும் 20 புள்ளி குறையும். பூண்டும் சிலுவையும் ஒருகாலத்தில் ஊர் நம்பிக்கை. ஆட்டத்தில் அவை தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய சாவிகளாயின. 1991இல் 'வேம்பயர்: தி மாஸ்கரேட்' ஆட்டக்காரரையே காட்டேரியாக்கி, மனிதத்தன்மை எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை அளவாக வைத்தது. நாட்டார் கதைக்கு ஓரளவாவது பக்கத்தில் வருவது இதுதான்.

குமரி மாவட்டத்தில் இரத்தம் குடிப்பவள் யட்சி. பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரம் போகும் வழியில் அழகான பெண்ணாக நின்று, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள். கூடப் போனவன் மாளிகை என்று நினைத்து ஏறுவது பனைமரத்தில். விடிந்தால் அடியில் மயிரும் நகமும் பல்லும் கிடக்கும். கொட்டாரத்தில் சங்குண்ணியின் மலையாளக் கதைத்தொகுப்பான 'ஐதீகமாலை'யில், மந்திரம் தெரிந்த பாதிரியாரான கடமற்றத்துக் கத்தனார் இந்த யட்சியின் தலையில் இரும்பாணி இறக்கி வீட்டு வேலைக்காரியாக்குகிறார். பேன் பார்த்த பாட்டி ஆணியைக் கண்டு இரக்கப்பட்டுப் பிடுங்கிவிட, யட்சி பழைய உருவுக்குத் திரும்புகிறாள்.

ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் முப்பந்தலில் இருக்கும் இசக்கியின் கதை இன்னும் கனமானது. நகைக்கு ஆசைப்பட்டவன் கையால் கொலையுண்ட பெண், கள்ளியைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவனைத் தேடி வருகிறாள். பழி தீர்ந்த பிறகு அவளை யாரும் அழிப்பதில்லை. நிலையம் போட்டு, கொடை நடத்தி, அம்மனாகக் கும்பிடுகிறார்கள். பிள்ளை வரம் வேண்டுகிறவர்கள் அவளுக்குத்தான் மரத்தொட்டில் கட்டுகிறார்கள்.

இப்படிப்பட்டவளை ஆட்டத்துக்குள் கொண்டுவரும்போது, ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் முதலில் செய்யும் காரியம் உயிர்ப்புள்ளி எழுதுவது. அங்கேயே அவள் கைநழுவிப் போகிறாள். எண் இருந்தால் ஆட்டக்காரர் அதைச் சுழியாக்கத்தான் பார்ப்பார். அதைவிட, அவளுக்கு யார் என்ன செய்தார்கள் என்பதை முதலில் எழுதிவைப்பது நல்லது. கொன்றவனின் வாரிசு ஆட்டக்காரர்களில் ஒருவராக இருந்தால் மேசை சட்டென்று அமைதியாகும். சுண்ணாம்பு கேட்கும் இடத்தில் பகடை உருட்டச் சொல்லக் கூடாது. கொடுப்பதா வேண்டாமா என்று அவர்களே முடிவெடுக்கட்டும். ஆணி அவளைக் கட்டும், ஆனால் முடிக்காது. விவரம் தெரியாத ஒரு நல்ல மனுஷி எப்போது வேண்டுமானாலும் அதைப் பிடுங்கலாம் என்ற வழி திறந்தே இருக்க வேண்டும்.

கதை சொல்லும் வேகத்துக்கு வில்லுப்பாட்டைக் கவனிக்கலாம். கொடையில் புலவர் கொலை நடக்கும் இடத்தை நெருங்க நெருங்க உடுக்கும் குடமும் ஏறும். சாமியாடும் கோமரத்தாடிக்கு அருள் வந்ததும் பாட்டு அவருக்கு வழிவிடும். அதுவரை கதையில் இருந்தவள் இப்போது கூட்டத்தின் நடுவில் நின்று பேசுகிறாள், கேட்கிறவர்கள் பதில் சொல்கிறார்கள். கேம் மாஸ்டரும் அந்தக் கட்டத்தில் விவரிப்பதை நிறுத்திவிட்டு அவள் வாயால் பேச வேண்டும்.

பழைய விதிகளில் அனுபவப் புள்ளி பேயைக் கொன்றதற்கும் புதையல் எடுத்ததற்கும் கிடைத்தது. இசக்கி வரும் ஆட்டத்தில் அவள் கேட்டதை அறிந்து, நிலையம் கொடுத்து, ஆண்டுதோறும் கொடைக்கு ஊரைச் சம்மதிக்க வைத்ததற்குப் புள்ளி தரலாம். கொடை நின்றுபோன வருஷம் அடுத்த ஆட்டத்துக்கான தொடக்கம்.