கடற்கரையும் நிழற்படமும்

யாம் சில ஆண்டுகளாகக் குமரிக் கரையிற் படப்பெட்டியுடன் உலாவி வருகின்றோம். ஈண்டு வருவோர் பலரும் கதிரவன் உதயத்தையே படம் பிடிக்கின்றனர். அவை அழகியனவே, ஆயினும் ஒன்றுபோலவே தோன்றுகின்றன. அவற்றில் மக்கள் இல்லாமையே காரணம் என்பது எம் கருத்து.

2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் திறக்கப்பெற்ற வள்ளுவர் சிலை, பீடத்தொடு 133 அடி உயரமுடையது. தனியே எடுத்தால் அவ்வுயரம் விளங்காது. அடியில் நிற்கும் ஒருவரையுஞ் சேர்த்தெடுத்தால் உடனே விளங்கும். கரைமடி இழுப்போரை எடுக்குங்கால், கயிறே காண்போர் கண்ணை அவர்தங் கைகளினின்று கடலுக்கு நடத்திச் செல்லும். தொடுவானத்தைப் படத்தில் மேலே வைப்பின் கரையின் உழைப்புக்கு இடம் மிகும். கீழே வைப்பின் வானமே மிகும்.

வெற்றிடமும் பேசும். 2017ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் இக்கடலைக் கலக்கியது. கடலுக்குச் சென்ற மீனவர் பலர் மீளவில்லை. கரையில் நின்று கடலை நோக்கும் ஒரு தாயின் படத்தில், படகொன்றும் இல்லாத நீர்ப்பரப்பே முழுக் கதையையுஞ் சொல்லிவிடும். ஆனால் அத்துயர் அவருடையது. நம் படத்துக்கு அணியன்று.

ஆதலின், கரைக்குச் செல்லும் மாணவ நண்பர்கள் முதலில் அங்குள்ளாருடன் அமர்ந்து பேசுக. அவர் இசைந்த பின்னரே படப்பெட்டியைத் திறக்க.