கூடைக்கும் ஒரு படம்



எம் அன்னையார் காலமானபோது, மாலையிட்டு வைப்பதற்கு ஒரு படம் தேடினோம். அடையாள அட்டைக்காக எடுத்த படம் ஒன்றே கிடைத்தது. அதனைப் பெரிதாக்கிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டினோம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தேயிலைக் கொழுந்து பறித்தவர் அவர். சில நாள்கள் கழித்து எம் மகள், "பாட்டி முதுகில் சுமந்த கூடை எவ்வளவு பெரியது அப்பா?" என்று வினவினாள். இரு கைகளையும் விரித்துக் காட்டினோம். "அவ்வளவுதானா?" என்றாள். சற்று அகலமாக விரித்தோம். உண்மையில் நமக்கே நினைவில்லை. லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டுக் கோலா தெர்லாவுக்குக் குடிவந்த வேளையில், அடி பிய்ந்து கிடந்த அந்தப் பிரம்புக் கூடையை வெந்நீர் அடுப்பில் இட்டு எரித்தவர்கள் நாமே. நாள்தோறும் கதவருகே ஆணியில் தொங்கிய பொருள். அதனைப் படம் பிடிக்க வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

தோன்றிய ஒருவர் இருந்தார். புகைப்படக் கலையைக் கண்டுபிடித்தோருள் ஒருவரான இங்கிலாந்து நாட்டு வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட், 1844 முதல் 1846 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட 'இயற்கையின் எழுதுகோல்' என்னும் நூலில், திறந்த கதவோரம் சாத்திவைத்த ஒரு துடைப்பத்தின் படத்தைச் சேர்த்தார். ஆம், துடைப்பந்தான்! அந்நூலிலேயே அலமாரியில் அடுக்கிய பீங்கான் பாத்திரங்களின் படமும் உண்டு. எழுத்தில் விவரிக்கக் கடினமான வடிவங்களைப் படம் எளிதிற் காட்டிவிடும் என்றும், பாத்திரங்கள் களவு போனால் அப்படமே வழக்குமன்றத்திற் சான்றாகக்கூடும் என்றும் அவர் கருதினார். எம் கூடையைக் கள்வர் கொண்டுபோகவில்லை. ஆயினும் சான்று இல்லாமற் போயிற்று.

அமெரிக்கரான எட்வர்டு வெஸ்டன் 1930-ஆம் ஆண்டில் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனல் ஒன்றினுள் வைத்துப் படம் எடுத்தார். மறு ஆண்டில் ஒரு முட்டைக்கோசு இலையை எடுத்தார். இரண்டும் உலகப் புகழ் பெற்றன. நம் வட்டாரத்திலிருந்து லாரி லாரியாக மலையிறங்கும் காய்கள் அல்லவா இவை! நம் காலத்தில், மதுரைப் பக்கத்து எம். பழனிகுமார் என்னும் புகைப்படக் கலைஞர், மீன் விற்றுக் குடும்பத்தைக் காத்த தாயின் மகன், உழைப்பாளர் வாழ்வையே படமாக்கி வருகிறார். 2022-ஆம் ஆண்டின் தயனிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருது இவருக்கு வழங்கப்பட்டது. உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இவர் இக்கலையைக் கற்பித்து வருகிறார்.

நம்மிடம் இருப்பது ஒரு பழைய கைப்பேசி மட்டுமே. அதைக் கொண்டே வீட்டிலிருந்த அம்மிக்கல்லை முதலில் எடுத்தோம். நடுப்பகலில் எடுத்த படத்தில் அது வெறுங்கல்லாகத் தெரிந்தது. காலையில் கதிரவனின் ஒளி பக்கவாட்டில் விழுந்த வேளையில் மறுபடி எடுத்தோம். நடுவே தேய்ந்திருந்த பள்ளம் நிழலோடு எழுந்து நின்றது. எத்தனை ஆண்டு மிளகாய் அங்கே அரைபட்டதோ! ஈரம் மின்னும் பொருளாயின் மூடுபனி இறங்கும் வரை காத்திருத்தல் நலம். பனி வெயிலைச் சல்லடையிட்டுப் பரப்புவதால் கண்ணைக் கூசும் பளபளப்பு அடங்கிவிடும். பொருளின் அளவு விளங்க அருகில் ஒரு 20 சென் நாணயத்தை வைப்பதும் எம் வழக்கமாயிற்று. அரிசி அளக்கும் பால் டின், மழையங்கி மாட்டும் ஆணி, குதிகால் தேய்ந்த ரப்பர்க் காலணி என்று படங்கள் பெருகின. "வீட்டில் மனிதர்களே இல்லையா?" என்று எம் இல்லத்தரசியார் கேட்டது நியாயமான கேள்விதான்.

அண்டை வீட்டில் ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி ஒருவர் இருக்கிறார். நாம் பெரியம்மா என்றழைப்போம். அவர் வீட்டில் கொழுந்து வெட்டும் பழைய கத்தரி ஒன்று கிடந்தது. "துருப்பிடித்த இரும்பில் என்ன தம்பி இருக்கிறது?" என்று சிரித்தவாறே எடுத்துக் கொடுத்தார். படத்தைப் பெரிதாக அச்சிட்டு அவரிடம் காட்டியபோது, சிரிப்பு நின்றது. இரு கைப்பிடிகளிலும் சைக்கிள் டியூப் சுற்றப்பட்டிருந்தது. ஒன்றில் மட்டும் சுற்று தடித்திருந்தது. நாம் அதைக் கவனிக்கவே இல்லை. அவர் அவ்விடத்தை விரலால் தொட்டார்.

"அந்த வருடம் பெருவிரல் வீங்கிப் போயிருந்தது. வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் இல்லை. வலிக்காமல் இருக்க இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு வெட்டினேன். மறந்தே போனேன் தம்பி."

இத்தனை ஆண்டுகள் வீட்டிலேயே கிடந்த கத்தரி அது. அவர் பிள்ளைகளுக்கும் இச்செய்தி அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் காலையில் அவரே எம்மை அழைத்தார். பரணிலிருந்து பிரம்புக் கூடை ஒன்றை இறக்கித் துடைத்து வைத்திருந்தார். வாசலில் வைத்து எடுத்தோம். அருகில் நின்று எடுத்துக்கொள்ளுமாறு வேண்டினோம். நரைத்த தலையும் பழைய சேலையுமாக எதற்கு என்று மறுத்துவிட்டார். அளவுக்காக நாணயத்தைத் தேடிச் சட்டைப்பையில் கைவிட்டோம். எம் மகள் கூடையின் அருகே போய் நின்று, அது தன் இடுப்புக்கு மேல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படிப் பார்த்தால் தெரியாது கண்ணு" என்ற பெரியம்மா, கூடையைத் தூக்கி முதுகில் மாட்டிக்கொண்டு, எமக்கு முதுகு காட்டித் திரும்பி நின்றார்.