நிலையும் பிடியும்

நிற்பதற்கும், ஒரு பொருளைக் கையில் பிடிப்பதற்கும் எவரும் நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை என்று எண்ணுகிறோம். குழந்தைப் பருவத்திலேயே கைவந்த செயல்கள் அல்லவா அவை! ஆயினும், ஒரு சிற்றம்பைக் கையில் எடுத்துக்கொண்டு, எட்டடிக்குச் சற்றுக் குறைந்த தொலைவில் தொங்கும் பலகையை நோக்கி நின்று பாருங்கள். எந்தக் காலை முன்னே வைப்பது, எத்தனை விரல்களால் பற்றுவது என்னும் வினாக்கள் உடனே எழும்.

டார்ட்ஸ் எனப்படும் இச்சிற்றம்பு விளையாட்டு இங்கிலாந்து நாட்டு மதுவிடுதிகளில் வளர்ந்து, பின்னர்ப் பல நாடுகளுக்கும் பரவியது. பலகையின் நடுப்புள்ளி தரையிலிருந்து 5 அடி 8 அங்குல உயரத்தில் அமைந்திருக்கும். பலகையின் முகத்திலிருந்து 7 அடி 9¼ அங்குலத் தொலைவில் இட்ட கோட்டின் பின்னே ஆடுவோர் நிற்க வேண்டும். ஒரு முறைக்கு ஒருவர் மூன்று அம்புகளை எறியலாம். வட்டமான பலகை 20 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. 20 என்னும் பகுதியில், மும்மடங்கு தரும் வளையத்தில் அம்பு தைத்தால் 60 புள்ளிகள் கிட்டும். அவ்வளையத்தின் அகலமோ 8 மில்லிமீட்டர். கை சிறிது விலகினால், ஒரு பக்கம் 5, மறுபக்கம் 1 என்னும் பகுதிகள் காத்திருக்கின்றன. பெரிய எண்ணின் அருகே சிறிய எண்களை வைத்து, நடுங்கும் கையைத் தண்டிக்கிறது அப்பலகை.

இவ்வாட்டத்திற்கு உடல் வலிமை மிகுதியாக வேண்டும் என்று எண்ண வேண்டா. அம்பின் எடை பெரும்பாலும் 20 முதல் 26 கிராம் வரைதான். பில் டெய்லர் 2013-ஆம் ஆண்டில், 52 வயது நிரம்பியவராய், பதினாறாம் முறையாக உலகப் பட்டத்தை வென்றார். லூக் லிட்லர் 2025-ஆம் ஆண்டில் அதே சிறப்பை முதன்முறையாக அடைந்தபோது அவருக்கு வயது 17. முதியவர்க்கும் இளைஞர்க்கும் ஒருங்கே கைகூடும் இத்திறமைக்கு அடிப்படை யாது? அவரவர் உடலுக்கு இசைந்த நிலையும் பிடியுமே என்பது என் கருத்து.

முதலில் நிலையைக் காண்போம். சிலர் பலகைக்கு நேர்முகமாக நிற்பர். சிலர் தோள் பலகையை நோக்கப் பக்கவாட்டில் நிற்பர். பலர் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட கோணத்தில் நிற்பர். வலக்கையால் எறிபவர் பெரும்பாலும் வலக்காலை முன்வைத்து, உடலின் எடையை அதன்மேல் தாங்குவர். இவற்றுள் எது சிறந்தது என்றால், எல்லார்க்கும் பொதுவான விடை இல்லை. கழுத்திலும் முதுகிலும் நோவின்றி, அசையாமல் நெடுநேரம் எப்படி நிற்க இயலுமோ அப்படி நிற்பதே ஒருவர்க்கு உரிய நிலை.

எனக்கு உரிய நிலையை நான் ஓர் எளிய வழியால் கண்டேன். கோட்டின் பின்னே இயல்பாக நின்று, கண்களை மூடி, கையை மெல்ல முன்னே நீட்டினேன். கண் திறந்தபோது கை பலகைக்கு இடப்புறம் நீண்டிருந்தது. கையைத் திருப்பி இலக்கிற்குக் கொணர்வது எளிது. ஆனால், திருப்பிய கை தன் பழைய வழிக்கே மீள விழையும். ஆதலால் கையை அதன் போக்கில் விட்டுப் பாதங்களைச் சிறிது நகர்த்தினேன். நான்கைந்து முறை இவ்வாறு செய்தபின், கை தானே நடுப்புள்ளியை நோக்கி நீண்டது. எறியும்போது முழங்கை கதவின் கீலைப்போல மடங்கி விரிய வேண்டும். தோளும் இடுப்பும் சுவரைப்போல அசையாதிருக்க வேண்டும்.

இனிப் பிடியைக் காண்போம். அம்பை ஒரு விரலின்மேல் கிடத்தினால், இருபுறமும் சாயாமல் அது நிற்கும் இடம் ஒன்று உண்டு. அவ்விடத்தில் கட்டைவிரலை வைத்து, சுட்டுவிரலும் நடுவிரலும் மறுபுறம் ஏந்துமாறு எடுங்கள். ஏனைய விரல்கள் தமக்கு இசைந்த இடத்தில் அமையட்டும். நம் இல்லங்களின் வாயிலில் கோலமிடும் விரல்களைப் பாருங்கள். அவை மாவை இறுகப் பற்றுவதில்லை. பற்றியதை இழையிழையாக விடுகின்றன. அம்பின் பிடியும் அத்தகையதே. நழுவாத அளவிற்கு உறுதி வேண்டும். தசை இறுகாத அளவிற்கு மென்மை வேண்டும். இறுகப் பிடித்தால் விரல்கள் ஒருங்கே விலகமாட்டா. அம்பு ஆடிக்கொண்டே செல்லும்.

விடுதல் எத்துணை அரியது என்பதற்கு எரிக் பிரிஸ்டோவின் வாழ்வே சான்று. லண்டனில் பிறந்த அவர், சுண்டுவிரலை உயர்த்தியவாறு அம்பைப் பிடிப்பார். அது அவருக்கே உரிய பிடி. 1980 முதல் 1986 வரையிலான காலத்தில் அவர் ஐந்து முறை உலகப் பட்டம் வென்றார். அதன்பின் ஓர் இன்னல் அவரைப் பற்றியது. எறிவதற்குக் கை ஓங்கும். விரல்கள் அம்பை விட மறுக்கும். ஆட்டக்காரர் இதனை டார்ட்டைட்டிஸ் என்பர். உலகை வென்ற கை, ஒரு சிற்றம்பை விட இயலாமல் பலர் முன்னிலையில் தயங்கி நின்றது. அவர் மனம் தளரவில்லை. முயன்று மீண்டும் உலக இறுதி ஆட்டங்களை எட்டினார். ஆயினும், 2018-ஆம் ஆண்டில் அவர் மறையும் வரை ஆறாம் பட்டம் கிட்டவேயில்லை.

அவரைப் பார்த்துச் சுண்டுவிரலை உயர்த்துவதால் மட்டும் அவருடைய வெற்றி நமக்கு வந்துவிடாது. பிறர் பிடியை இரவல் வாங்க இயலாது. நம் பிடியும் என்றும் நம்முடன் இருக்கும் என்று இறுமாந்திருக்கவும் இயலாது. இயல்பு என்பது தேடிக் கண்டு, நாள்தோறும் பேண வேண்டிய செல்வம். ஆகவே, உங்கள் பாதங்கள் அமைதியாக நிற்கும் இடத்தைக் கண்டவுடன் அதனைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாளும் அங்கேயே நில்லுங்கள். விரல்களைத் தளர்த்தி, அம்பை விடுங்கள்.