கட்டிலுக்கும் ஃபிளாட்டுக்கும் நடுவில்

சித்தி மகள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஃபோன் கம்பெனியில் மூன்று வருஷம் வேலை பார்த்தாள். கல்யாணமானதும் விட்டுவிட்டாள். "ஏன்மா விட்டுட்ட?" என்றேன். "ஹாஸ்டல்ல எனக்கு ஒரு கட்டில்தான்ணா. அவரை எங்க தங்க வைக்கிறது?" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் ஓஎம்ஆரில் ஒரு மேன்ஷன் கட்டிலில் தொடங்கியவன்தான். ஐடி சம்பளத்தைப் பார்த்து வங்கி கடன் கொடுத்தது. நேராக ஃபிளாட்டுக்குத் தாவிவிட்டேன். அவள் சம்பளத்துக்கு அந்தத் தாவல் கிடையாது.

2024 ஆகஸ்ட்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதியை அரசு திறந்தது. நல்ல காரியம்தான். ஆனால் அது தனி ஆளுக்கான இடம். கை பழகி, வேலையில் வேகம் கூடும் வயதில்தான் கல்யாணமும் வருகிறது. அப்போது தேவைப்படுவது ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, கட்டுப்படியாகும் வாடகை, பத்து மாத அட்வான்ஸ் கேட்காத ஓனர். நெடுஞ்சாலை பேனர்களிலோ இரண்டு பெட்ரூம், மூன்று பெட்ரூம், எல்லாம் விற்பனைக்கு.

தொழிற்சாலை வந்தால் ஊர் வளரும் என்கிறோம். குடும்பமாகத் தங்க முடியாத இடத்தில் ஆள் மாறிக்கொண்டே இருக்கும். ஊர் எப்படி வளரும்?

இப்போது அவள் ஊரில் ஜவுளிக்கடையில் நிற்கிறாள்.

"அங்க சின்னதா ஒரு வீடு கிடைச்சா திரும்பப் போவியா?"

"நாளைக்கே போவேண்ணா."